சர்க்கரைப் புண் ஆற என்ன சாப்பிட வேண்டும்?

காலில் சர்க்கரைப் புண் வந்தவருக்கு எந்த உணவு கொடுத்தால் சீக்கிரம் ஆறும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் அப்பாவின் உள்ளங்காலில் வந்த புண்ணோடு எட்டு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன். நாங்கள் செய்த முதல் தவறு, அவருடைய சாப்பாட்டைக் கண்டபடி குறைத்ததுதான்.

புண் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சர்க்கரை மீது பயம் வந்துவிட்டது. மாவுச்சத்தைக் குறைத்தோம். அந்த வேகத்தில் பாலும் முட்டையும் பருப்பும்கூடக் குறைந்தன. இரண்டே மாதத்தில் ஆறு கிலோ எடை போனது. சர்க்கரை இறங்கியது என்று நாங்கள் மகிழ்ந்துகொண்டிருந்தோம். புண் அசையவே இல்லை. உணவியல் நிபுணர் அவருடைய தொடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சதையே கரைந்துவிட்டதே, புண் எதை வைத்து மூடும்?" என்று கேட்டார்.

அவர் விளக்கியது இதுதான். புதுத் திசுவுக்கு அடிப்படையான கொலாஜனே ஒரு புரதம். புண்ணிலிருந்து கசியும் நீரோடும் புரதம் வெளியேறுகிறது. சாப்பாட்டில் வராவிட்டால் உடல் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். சாதாரணமாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் போதும். ஆறாத புண் இருப்பவருக்குப் பெரும்பாலும் 1.25 முதல் 1.5 கிராம் வரை சொல்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் இருப்பதோ ஆறு கிராம்தான்! ஒரே வேளையில் திணிக்க முடியாது, மூன்று வேளைக்கும் பிரிக்க வேண்டும். ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் இந்தக் கணக்கு மாறும். நீரிழிவுக்காரர்களில் பலருக்கு அது பழுதுபட்டிருக்கும் என்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.

சாப்பாட்டைக் கூட்டினால் சர்க்கரை ஏறாதா? ஏறியது. மருத்துவர் இன்சுலினைக் கூட்டினார். பட்டினி போட்டுச் சர்க்கரையை இறக்க வேண்டியதில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

வைட்டமின் சி, துத்தநாகம், புரதப் பொடி என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். கொலாஜன் உருவாக வைட்டமின் சி தேவை என்பது உண்மைதான். ஆனால் குறைபாடு இல்லாதவருக்கு மாத்திரையாகக் கொடுத்தால் புண் வேகமாக ஆறும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 ஆய்வுத் தொகுப்பு, சர்க்கரைப் புண்ணுக்கு ஊட்டச்சத்து கொடுத்துப் பார்த்த ஒன்பது சோதனைகளை அலசியும் தெளிவான பலனைக் காணவில்லை. துத்தநாகத்தை நாள்கணக்கில் அதிகமாக விழுங்கினால் உடலில் தாமிரம் குறையும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாளாக எடுப்பவராக இருந்தால் வைட்டமின் பி12 அளவை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் சாப்பாட்டுக் கதை. அப்பா அந்தக் காலை ஊன்றி நடந்துகொண்டே இருந்தவரை எந்தச் சாப்பாடும் உதவவில்லை. பாதத்தில் பாரம் விழாதபடி கட்டுப் போட்டு, காலுக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்றும் சோதித்த பிறகுதான் புண்ணின் ஓரம் சுருங்க ஆரம்பித்தது. புண் கறுத்தாலோ, நாற்றமடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உணவுப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.