இடுப்பு மூட்டு மாற்றிய பின்: குனிவதற்கு முன் நிமிர வேண்டும்

கேள்வி: எனக்கு வயது 61. நான்கு மாதங்களுக்கு முன் இடது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். பழைய வலி போய்விட்டது. ஆனால் கோலம் போடக் குனிய முடியவில்லை. ஆபரேஷனுக்காகக் கழற்றிய மெட்டியை இன்னும் நானாகப் போட்டுக்கொள்ள முடியவில்லை. முன்னால் சாய்ந்தே நடக்கிறேன் என்கிறாள் மகள். எண்ணெய் தேய்த்து இழுத்துவிட்டால் சரியாகும் என்கிறார்கள் தெருவில். பூஜைக்குத் தரையில் உட்காரும் நாள் வருமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அன்புள்ள அம்மா, முதலில் அந்த எண்ணெய் விஷயம். தழும்பு நன்றாக ஆறியிருந்தால் தொடையில் லேசாக எண்ணெய் தேய்த்துக்கொள்வதில் தப்பில்லை. இழுப்பது, முறுக்குவது மட்டும் கூடவே கூடாது. உள்ளே இருப்பது ஒரு கிண்ணமும் அதில் உருளும் பந்தும். தவறான கோணத்தில் முறுக்கினால் பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும். திடீரென்று தாங்க முடியாத வலி, கால் குட்டையானது போலத் தெரிவது, பாதம் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்வது, இப்படி எது நடந்தாலும் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி, மகள் சொன்னது. நன்றாகக் கவனித்திருக்கிறார். ஆபரேஷனுக்கு முன் எத்தனை வருடம் வலியோடு இருந்தீர்களோ, அத்தனை வருடமும் நாற்காலியில் உட்கார்ந்தும், முழங்காலுக்கடியில் தலையணை வைத்துப் படுத்தும் சமாளித்திருப்பீர்கள். அதில் இடுப்பின் முன்பக்கத் தசை சுருங்கிப் போகிறது. எலும்பை ஒரே நாளில் மாற்றிவிடலாம், சுருங்கிய தசை அன்றே நீளாது. நடக்கும்போது பின்னால் இருக்கும் கால் இடுப்பைத் தாண்டி சுமார் 10 டிகிரியாவது பின்னே போக வேண்டும். போகாவிட்டால் உடம்பு முன்னே சாயும், கொஞ்ச நாளில் முதுகும் வலிக்கும். குனிய வரவில்லையே என்று எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நிமிர வரவில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். அதற்கு முன் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, இடுப்பைப் பின்பக்கமாகத் திறந்தார்களா, முன்பக்கமாகவா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கம் என்றால் அதிகம் குனிவதும் முழங்காலை உள்பக்கம் திருப்புவதும் ஆபத்து. முன்பக்கம் என்றால் காலை அதிகமாகப் பின்னே கொண்டுபோவது ஆபத்து. அப்படியானால் நான் கீழே சொல்வதை அவர் சரி என்ற பிறகே தொடங்குங்கள்.

கட்டிலில் மல்லாந்து படுங்கள். வலது முழங்காலை இரு கையாலும் பிடித்து மார்பை நோக்கி இழுங்கள். இடது காலை நீட்டியே வையுங்கள். இடது தொடை தானாக மேலே எழும்புகிறதா? அதுதான் சுருக்கம். முழங்காலின் பின்பக்கத்தை மெத்தையில் அழுத்தி, மூச்சை அடக்காமல் 20 விநாடி இருங்கள். ஐந்து முறை, காலையும் மாலையும். தொடையின் முன்பக்கம் இழுப்பது போல இருக்கலாம், குத்தும் வலி வந்தால் நிறுத்திவிடுங்கள். அப்புறம், சமையல் மேடையைப் பிடித்து நின்று, உடம்பைச் சாய்க்காமல் இடது காலை மெதுவாகப் பின்னே பத்து முறை, பக்கவாட்டில் பத்து முறை கொண்டுபோங்கள். கால்விரல்கள் நேராக முன்னே பார்க்கட்டும். முழங்காலுக்கடியில் இன்னும் தலையணை வைப்பதாக இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

நடைக்கு, இப்போதைக்கு வெள்ளிக் கடற்கரை மணல் வேண்டாம், கால் புதையும். மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி சமதரையாகப் பார்த்து நடங்கள். கைத்தடி இருந்தால் வலது கையில் பிடியுங்கள். ஆபரேஷன் ஆன பக்கமே பிடிப்பவர்கள்தான் அதிகம், அது தவறு.

சரி, தரைக்கு வருவோம். பூஜை, பந்தி, பேரக்குழந்தை எல்லாமே நமக்குத் தரையில்தான். இதை விட முடியாமல் என் முன்னால் அழுதவர்கள் உண்டு, அதனால் லேசாகச் சொல்ல மனம் வரவில்லை. சிலருக்கு டாக்டரே பிறகு அனுமதிக்கிறார், சிலருக்கு வாழ்நாள் முழுக்க வேண்டாம் என்கிறார். பொருத்திய மூட்டையும் தசை பலத்தையும் பொறுத்தது அது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: சம்மணத்தில் முழங்கால் வெளிப்பக்கம் விரிகிறது. பின்பக்கமாகத் திறந்தவர்களுக்கு அதைவிட ஆபத்து, கால்களை ஒரே பக்கமாக மடக்கி உட்கார்வதும், தரையிலிருந்து ஊன்றி எழுவதும்தான். அனுமதி கிடைக்கும்வரை சாமி படத்தை மேசை மேல் ஏற்றிவிட்டு நாற்காலியில் உட்காருங்கள். குட்டையான முக்காலி வேண்டாம். முழங்கால் இடுப்பைவிட உயரவே கூடாது. நின்றபடி குனிந்து கோலம் போடுவதும் இப்போது வேண்டாம். இடுப்பு செங்கோணத்துக்கு (90 டிகிரிக்கு) மேல் மடங்கிவிடுகிறது. இந்த மார்கழிக்கு மகள் போடட்டும்.

மெட்டிக்கு ஒரு வழி இருக்கிறது. காலுக்கு வெளிப்பக்கமாகக் கையை நீட்டினால் முழங்கால் உள்ளே திரும்பிவிடும், அப்படிச் செய்யாதீர்கள். டாக்டர் சரி என்றதும், உயரமான நாற்காலியில் உட்கார்ந்து இடது முழங்காலை வெளிப்பக்கம் சாய்த்து, இடது கணுக்காலை வலது முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்தில் வையுங்கள். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். கணுக்கால் முழங்கால் உயரத்துக்கு வரும் நாளில், குனியாமலே விரல் கைக்கு எட்டும்.