பாட்டு வகுப்பு: பெற்றோர் கேட்டதும் டீச்சர் சொன்னதும்

கோபியிலிருந்து ஓர் அம்மா: பாப்பாவுக்கு மூன்றரை வயது. டிவியோடு சேர்ந்து பாடுகிறாள். இப்போதே சேர்த்துவிடலாமுங்களா டீச்சர்?

அவசரமில்லைங்க. ஐந்தாறு வயதாகட்டும். இப்போதைக்கு நீங்களும் கூடப் பாடுங்கள், சுருதி பிசகினாலும் பரவாயில்லை. அமுச்சிக்கு (அம்மாவின் அம்மாவுக்கு) கும்மி தெரிந்தால் இன்னும் நல்லது. தாளம் கைகாலில் தானாக ஏறும்.

திருப்பூரிலிருந்து ஓர் அப்பா: பையனுக்கு ஏழு வயது. கீபோர்டு, அபாகஸ், இந்தி, சிலம்பம் போகிறான். பாட்டும் சேர்க்கலாமா?

பனியன் கம்பெனியில்கூட இத்தனை ஷிப்ட் கிடையாது. பாட்டு வேண்டுமென்றால் கீபோர்டை நிறுத்துங்கள். சிலம்பத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

பொள்ளாச்சியிலிருந்து ஓர் அம்மா: எட்டு மாதமாக மகள் மாயாமாளவகௌளை ராகத்திலேயே நிற்கிறாள். ஒரு பாட்டுகூட வரவில்லை. வேண்டுமென்றே இழுக்கிறார்களா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்த ராகத்தில் ச-ரி-க-ம இடைவெளிகள்தான் ப-த-நி-ச-விலும் அப்படியே வரும். கீழ்ப்பாதி பிடிபட்டால் மேல்பாதி சுலபம். அதனால்தான் புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லும் பாடமுறை இன்றும் அதில் தொடங்குகிறது. சரளி, ஜண்டை, அலங்காரம் என்ற சுரப் பயிற்சிகளைத் தாண்டித்தான் முதல் எளிய பாட்டான மலகரி ராக கீதம் வரும். ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு வருடம் ஆகலாம். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. வகுப்பில் அவளைத் தனியாகப் பாட வைக்கிறார்களா? எந்தச் சுருதியில்? சுருதியின் உயரத்தைக் கட்டை என்று சொல்வோம்; சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஐந்து கட்டையை ஒட்டி ஒத்துவரும். சார் தன் குரலுக்கு ஒத்த ஒரு கட்டையிலேயே எல்லோரையும் பாட வைத்தால் கீழே குரல் எட்டாது, மேலே கத்தல்தான் வரும். பதினைந்து பேரைக் கூட்டமாகவே பாடவிட்டு அனுப்புகிற இடமென்றால் மாற்றிவிடுங்கள்.

கொடுமுடியிலிருந்து: மகள் பாடினால் தெருவுக்கே கேட்கிறது. அடக்கிப் பாடச் சொல்லலாமா?

கே.பி. சுந்தராம்பாள் பிறந்த ஊரிலிருந்து இப்படியொரு கேள்வியா! திறந்து பாடட்டும். கழுத்து நரம்பு புடைத்தால் மட்டும் நிறுத்துங்கள்.

கரூரிலிருந்து: முழு அளவு வயலினே வாங்கிவிட்டால் வளர்ந்த பிறகும் ஆகும்தானே?

ஆகாது. கை எட்டாமல் தோள் கோணிப்போகும். கால், அரை, முக்கால் என்று அளவுகள் உண்டு. டீச்சரிடம் அளந்து பார்த்து, பழையது கிடைத்தால் வாங்குங்கள்.

ஈரோட்டிலிருந்து: மாதக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை டீச்சர்.

கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் விசாரியுங்கள். 5 முதல் 16 வயது வரை பாட்டு, பரதம், ஓவியம் எல்லாம் குறைந்த கட்டணத்தில் சொல்லித் தருகிறார்கள். 12 வயதானால் உங்கள் ஊர் அரசு இசைப்பள்ளியிலேயே 3 ஆண்டுச் சான்றிதழ் படிப்பு இருக்கிறது. நாதசுரம், தவில், தேவாரமும் உண்டு. தவிலுக்கு ஆசைப்படுகிற பையனைக் கீபோர்டு வகுப்புக்கு அனுப்பிவிடாதீர்கள்.