துணிமணிக்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள்? - கேள்வி பதில்

'கிளோத்ஸ்' என்ற சொல்லையும் அதன் உறவுக்காரச் சொற்களையும் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரே குழப்பத்தைப் பலர் கேட்டிருந்ததால் சில கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவி): 'கிளோத்ஸ்' என்பதன் ஒருமை 'கிளாத்' தானே, ஐயா?

பதில்: ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் 'கிளாத்' என்பதன் பன்மையாகப் பிறந்ததுதான் இன்றைய 'கிளோத்ஸ்'. பிறகு அது உடுப்பு என்ற பொருளோடு தனிக்குடித்தனம் போய்விட்டது. 'கிளாத்' தனக்கென்று 'கிளாத்ஸ்' என்று வேறொரு பன்மையை ஏற்படுத்திக்கொண்டது. எழுதும்போது இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஆகவே இன்று 'கிளோத்ஸ்' என்பதற்கு ஒருமையே இல்லை.

'கிளாத்' என்றால் நெய்த துணி. அதற்கு முன்னால் 'எ' சேர்த்தால் பெரும்பாலும் துடைக்கிற துணி, மேஜைத் துணி போன்றவை. வெளிநாட்டு விடுதியில் மாற்றுடை வேண்டி 'ஐ நீட் எ கிளாத்' என்று கேட்டால், மேஜை துடைக்கத் துணி கொண்டுவந்து தருவார்கள். அவர்கள்மீது குற்றம் இல்லை. ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் சட்டை, புடவை, பாவாடை என்று பெயரையே சொல்லிவிடுங்கள். பெயர் தெரியாத ஏதோ ஓர் உடுப்பு என்றால் 'எ பீஸ் ஆஃப் கிளோதிங்' அல்லது 'எ கார்மென்ட்'.

கேள்வி: அப்படியானால் 'த்ரீ கிளோத்ஸ்' என்று எண்ண முடியாதா?

பதில்: முடியாது. பன்மைதான், ஆனால் எண் ஒட்டாத பன்மை. 'மெனி கிளோத்ஸ்', 'எ ஃபியூ கிளோத்ஸ்' என்றெல்லாம் சொல்லலாம். ஊருக்குப் போக மூன்று ஜோடி துணி எடுத்துவைத்தால் 'த்ரீ செட்ஸ் ஆஃப் கிளோத்ஸ்'. மாற்றுத்துணிக்கு அழகான தொடர் ஒன்று இருக்கிறது: 'எ சேஞ்ச் ஆஃப் கிளோத்ஸ்'. வினைச்சொல்லையும் கவனியுங்கள். 'கிளோத்ஸ்' வந்தால் 'ஆர்', 'கிளோதிங்' வந்தால் 'இஸ்'.

கேள்வி: உச்சரிப்பு?

பதில்: ஒரே அசை. 'கிளாத்தஸ்' என்று இரண்டாக உடைக்க வேண்டாம். நடுவிலுள்ள ஒலி நாக்கில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். கதவை மூடு என்பதற்கான 'குளோஸ்' போலவே ஒலித்தால் போதும். ஆங்கிலேயர்களிலேயே மிகப் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கேள்வி (சேலம்): தீபாவளிக்கு 'நியூ டிரெஸ்' எடுத்தேன் என்று அலுவலகத்தில் சொன்னேன். லண்டன் கிளையில் இருப்பவர் சிரித்தார். ஏன்?

பதில்: நீங்கள் ஆண் என்பதால். அங்கே 'எ டிரெஸ்' என்றால் தோளிலிருந்து கீழே வரும், பெண்கள் அணியும் ஒற்றை உடுப்பு. நம் ஊர் கவுன் மாதிரி. நீங்கள் எடுத்தது 'நியூ கிளோத்ஸ்'. 'டிரெஸ் கோட்', 'ஃபேன்ஸி டிரெஸ்' போன்ற தொடர்களில் மட்டும் அந்தச் சொல் எல்லோருடைய உடைக்கும் பொதுவாக நிற்கிறது.

ஆனால் ஒன்று. நம் நாட்டுக்குள் 'டிரெஸ்' என்று சொன்னால் யாருக்கும் தவறாகப் புரிவதில்லை. திருத்துகிறேன் என்று வீட்டில் குழந்தைகளைப் படுத்தாதீர்கள். பிறந்தநாளன்று பள்ளிக்குப் போடும் 'கலர் டிரெஸ்' அப்படிப்பட்ட நம் ஊர்ச் சொத்து. வெளிநாட்டவருக்கு அதை விளக்க 'நாட் இன் யூனிஃபார்ம்' என்று சொன்னால் போதும். மாணவர்கள் சீருடை இல்லாமல் வரும் நாளைப் பிரிட்டனில் 'மஃப்டி டே' என்றும் சொல்வதுண்டு. ஆம், நம் செய்தித்தாள்களில் போலீஸார் வருகிற அதே 'மஃப்டி'தான். அங்குள்ள பத்திரிகைகள் அந்தப் போலீஸாரை மட்டும் 'பிளெய்ன் குளோத்ஸ்' என்று எழுதும்.

கேள்வி (திருப்பூர், ஏற்றுமதி நிறுவனப் பணியாளர்): வாடிக்கையாளருக்கு எழுதும்போது கார்மென்ட்ஸ், அப்பேரல், கிளோதிங், நிட்வேர் ஆகியவற்றில் எதைப் போடுவது?

பதில்: எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் போடாமல் இருப்பது முதல் வேலை. 'கார்மென்ட்' எண்ணக்கூடியது. 5,000 உருப்படி அனுப்புகிறீர்கள் என்றால் '5,000 கார்மென்ட்ஸ்' என்று எழுதலாம். '5,000 கிளோத்ஸ்' என்று எழுத முடியாது. 'அப்பேரல்' தொழிலின் பெயர். எண் ஒட்டாது, 'ஸ்' சேர்த்து 'அப்பேரல்ஸ்' என்று எழுதுவதும் பொருந்தாது. நம் பெயர்ப்பலகைகளில் அது நிறையத் தென்படுகிறது. அமெரிக்கர்கள் 'அப்பேரல்' என்பதை அதிகம் புழங்குகிறார்கள். பிரிட்டிஷார் 'கிளோதிங்' பக்கம் சாய்வார்கள்.

'நிட்வேர்' பின்னலாடை. உங்கள் ஊருக்கு இந்தச் சொல் வெறும் அலங்காரம் இல்லை. சுங்கத் துறைகள் பயன்படுத்தும் சரக்குக் குறியீட்டு அட்டவணையில் பின்னல் ஆடைகள் 61-ஆம் அத்தியாயத்திலும், பின்னப்படாத ஆடைகள் 62-ஆம் அத்தியாயத்திலும் வருகின்றன. பனியன் துணியில் தைத்த டிஷர்ட் 61. நெசவுத்துணியில் தைத்த சட்டை 62. ஆவணத்தில் சொல் மாறினால் சரக்கே வேறாகிவிடும்.

கடிதத்தின் நடையைப் பொறுத்தவரை, பெரிய சொல் போட்டால் பெரிய நிறுவனமாகத் தெரியும் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். 'அட்டயர்' என்பதை விலைப்பட்டியலில் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது.

கேள்வி: 'அட்டயர்' எங்கேதான் வரும்?

பதில்: விருந்து அழைப்பிதழின் கீழ் வரியில். 'ஃபார்மல் அட்டயர்', 'டிரெடிஷனல் அட்டயர்'. கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு நாளுக்கென்று பொருத்தம் பார்த்து, செருப்புவரை சேர்த்துப் போடுவது 'அவுட்ஃபிட்', நாடகத்துக்கும் நாட்டியத்துக்கும் போடுவது 'காஸ்ட்யூம்'.

கேள்வி: புடவைக் கடைக்கு 'டெக்ஸ்டைல்ஸ்' என்று பெயர் வைப்பது சரியா?

பதில்: கடைக்காரர் பெயர், அவர் விருப்பம். 'டெக்ஸ்டைல்' என்பது நெய்தலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. தைக்காத துணிக்கே முதல் உரிமை. சட்டை, சுடிதார் மட்டும் விற்றால் 'கிளோத்ஸ் ஷாப்' என்பது நேரானது. புடவை விஷயத்தில் ஆங்கிலம் கொஞ்சம் திணறத்தான் வேண்டும். கத்தரியே படாமல் தறியிலிருந்து நேராக உடம்புக்கு வருவதால் அது 'டெக்ஸ்டைல்' ஆகவும் 'கிளோத்ஸ்' ஆகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. புடவை கட்டினேன் என்பதை 'ஐ டைடு எ சாரி' என்று எழுதாதீர்கள். கயிற்றால் கட்டியதுபோல் ஆகும். கட்டுகிற செயலுக்கு 'டிரேப்' அல்லது 'புட் ஆன்'. கட்டியிருக்கும் நிலைக்கு 'வேர்'.

கேள்வி (சென்னை, இல்லத்தரசி): மகள் லண்டனில் இருக்கிறாள். அங்கே நான் 'வாஷிங் அப்' செய்கிறேன் என்றதும் மருமகன் துணிகளைப் பார்க்காமல் பாத்திரத் தொட்டியைப் பார்த்தார்.

பதில்: மருமகன் பார்த்தது சரியான இடம்தான், அம்மா. பிரிட்டனில் 'டூ த வாஷிங்' என்றால் துணி. 'டூ த வாஷிங் அப்' என்றால் பாத்திரம். அமெரிக்காவில் துணிக்கு 'டூ த லாண்டரி'. அங்கே 'வாஷ் அப்' என்றால் கை, முகம் கழுவுவது.

கேள்வி: காயப்போடும் கொடிக்கு 'கிளாத் லைன்' என்று சொல்லலாமா?

பதில்: 'கிளோத்ஸ்லைன்'. இங்கும் பன்மை உதிராது. பிரிட்டனில் 'வாஷிங் லைன்' என்றும் சொல்வார்கள். அதில் மாட்டும் கிளிப் அங்கே 'கிளோத்ஸ் பெக்', அமெரிக்காவில் 'கிளோத்ஸ்பின்'.