சங்கத்துல மறுபடி ஆள் சேர்றதுக்கு என்ன வழி? வாசகர் கேள்வி, அக்கா பதில்

கேள்வி: அக்கா, எங்கம்மா காலத்துல எங்க தெருவே பீடி சங்கத்துல இருந்துச்சு. இப்ப சந்தான்னாலே நழுவுறாங்க. "கூலிய கூட்டிக் கேட்டா கடைய மூடிட்டு வேற ஊருக்குப் போயிருவான், அப்ப சங்கமா சோறு போடும்"னு கேக்குறாங்க. என்ன சொல்றது?
- ஒரு வாசகி, தென்காசி பக்கம்

பதில்: அவங்க கேக்குறது நியாயம்மா. அதுக்கு பதில் வச்சிக்காம எத்தன கூட்டம் போட்டாலும் ஆள் சேராது. இதே நெலமை கண்ணூர்ல 1968ல வந்துச்சு. பீடித் தொழிலாளிக்கு வேலை நேரம், லீவு, சலுகை எல்லாம் குடுக்கச் சொல்ற 1966 சட்டத்த கேரளா அமல்படுத்தப் போகுதுன்னு தெரிஞ்சதும் மங்களூர்க்கார கம்பெனி கண்ணூர் கடைங்கள பூட்டிட்டுப் போயிருச்சு, சுமார் 12,000 பேர் அம்போன்னு நின்னாங்க. சங்கத்துக்காரங்க கொடி பிடிச்சதோட விடல. அரசாங்கத்துகிட்ட கடனும் ஆதரவும் கேட்டு வாங்கி, வேலை போனவங்களையே பங்குதாரரா சேர்த்து, 1969 பிப்ரவரில தினேஷ் பீடி கூட்டுறவ ஆரம்பிச்சிட்டாங்க. எந்தச் சட்டத்துக்கு பயந்து அவங்க ஓடுனாங்களோ அத இவங்க நடத்திக் காட்டுனாங்க, பிஎஃப், போனஸ், கிராஜுவிட்டி, பிரசவ லீவுன்னு எல்லாம் குடுத்தாங்க, தனியார்ல குடுத்தத விட கூலியும் கூட. ஒரு கட்டத்துல 30,000 பேருக்கு மேல வேலை பாத்தாங்க. கண்ணூர் பீடிக்காரங்ககிட்ட ஒரு பழக்கம் உண்டு, ஒருத்தர் சத்தமா பேப்பர் வாசிப்பாரு, மத்தவங்க சுருட்டிக்கிட்டே கேப்பாங்க, வாசிக்கிறவருக்கு கூலி கொறையாம அவர் பங்கு பீடிய இவங்களே சுத்திக் குடுத்துருவாங்க. அந்த ஒத்துமை முன்னாடியே இருந்ததாலதான் கடை மூடுன அன்னிக்கு ஆளுங்க சிதறல.

ஆனா இன்னிக்கு பீடிக்குன்னு புதுசா சொசைட்டி போடுங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. புகையிலைத் தூள்ல நெஞ்சு கெட்டுப் போகுது, விக்கிறதும் கொறைஞ்சிட்டே வருது. தினேஷே தேங்காப்பால், மசாலா, குடை, ரெடிமேட் துணின்னு வேற தொழில்லயும் எறங்கிருச்சு. வேற தொழில் பாருங்க, ஆனா சங்கத்த விட்றாதீங்க.

கேள்வி: நாங்க வீட்ல தச்சுக் குடுக்குறோம், ஏஜென்ட்ட தவிர யாரையும் பாத்ததில்ல. முதலாளி யாருன்னே தெரியாதவங்களுக்கு சங்கம் வைக்க முடியுமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கண்டிப்பா முடியும். அகமதாபாத்துல 1972ல எலா பட், சொந்தமா உழைச்சுப் பொழைக்கிற பெண்களுக்கான 'சேவா' சங்கத்த பதிவு பண்ணப் போனப்ப இதையேதான் ஆபீஸ்ல கேட்டாங்க, முதலாளியே இல்லையே, யாருக்கு எதிரா சங்கம்னு. தொழிலாளிங்க ஒண்ணு சேர்றதுக்குத்தான் சங்கம், எதிர்ல ஒருத்தர் இருந்தே ஆகணும்னு இல்லன்னு வாதாடி வாங்குனாங்க. 1974ல 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபா போட்டு சொந்த பேங்கே ஆரம்பிச்சாங்க, கையெழுத்து போடத் தெரியாதவங்களுக்கு பாஸ்புக்ல போட்டோ ஒட்டிக் குடுத்தாங்க.

உங்களுக்கு நெருக்கமான கதை ஒண்ணு இருக்கு. அதே அகமதாபாத்துல மில்லுல மிஞ்சுற துண்டுத்துணிய வாங்கி வீட்ல வச்சு மெத்தை உறை தைக்கிற பெண்கள் சங்கமா சேர்ந்து கூலி கூட்டிக் கேட்டாங்க, வியாபாரிங்க சரின்னாங்க, அப்புறம் பாத்தா கேட்டவங்களுக்கெல்லாம் துணி குடுக்குறத நிறுத்திட்டாங்க. அப்ப சேவா மில்லுல நேரா துண்டுத்துணி வாங்கி தைக்க வச்சு விக்க ஆரம்பிச்சு, அதுவே பின்னாடி 'சபீனா'ங்கிற கூட்டுறவாச்சு. பேரம் பேசுற எடத்துல "நீ துணி தரலன்னா எங்களுக்கு வேற எடம் இருக்கு"ன்னு சொல்ல முடிஞ்சா அதுக்கு தனி தெம்பு. சேவா உறுப்பினர் எண்ணிக்கை இன்னிக்கு 20 லட்சத்த தாண்டிருச்சு, இது சும்மா பேச்சுக்கு வந்த கூட்டமில்ல.

கேள்வி: சொசைட்டி நடத்தப் போனா லாப நஷ்டத்துல முங்கி சங்கம் போராட்டத்த மறந்துராதா? நமக்கு நாமே முதலாளின்னா சங்கம் எதுக்கு?
- ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, கோவை

பதில்: அய்யா, உங்க பயம் சரியானது. ஆனா நமக்கு நாமே முதலாளின்னாலும் சங்கம் வேணும். நியூயார்க் பிராங்ஸ்ல 'கோஆபரேட்டிவ் ஹோம் கேர் அசோசியேட்ஸ்'னு 1985ல ஆரம்பிச்ச கூட்டுறவு இருக்கு, வயசானவங்களையும் முடியாதவங்களையும் வீட்டுக்குப் போய் பாத்துக்குற பெண்கள், பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் பெண்கள், அவங்களே பங்குதாரர். அமெரிக்காவுல 1983ல தொழிலாளிங்கள்ல நூத்துக்கு 20 பேர் சங்கத்துல இருந்தாங்க, இப்ப 10 பேருதான். அப்படி தேய்ஞ்சிட்டு வர்ற நேரத்துலதான் 2003ல இந்தக் கூட்டுறவுப் பெண்கள் '1199'ங்கிற மருத்துவ, பராமரிப்புத் தொழிலாளிங்க யூனியன்ல சேர்ந்தாங்க. அவங்க கூலி பெரும்பாலும் அரசாங்க மருத்துவ உதவிப் பணத்துலருந்து வருது, அந்த ரேட்ட ஏத்தணும்னா ஒரு கம்பெனி எவ்வளவு நல்லா நடந்தாலும் பத்தாது, மாநிலம் பூரா இருக்குற தொழிலாளிங்க சேர்ந்து நெருக்கணும். அத சங்கம்தான் செய்யும். உள்ளயும் அப்படித்தான், மேனேஜர் ஷிஃப்ட் போடுறதுல பாரபட்சம் பண்ணா பங்குப் பத்திரத்த காட்டி என்ன பண்றது, கூட வந்து கேக்க ஒரு ஆள் வேணும்.

நம்மூர்ல சொசைட்டின்னா தேர்தலே நடக்காம அரசாங்கம் போட்ட தனி அலுவலர் வச்சு ஓட்டுன காலத்த நீங்களும் பாத்திருப்பீங்க, மக்களுக்கு அதுல நம்பிக்கை போனதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நெனைக்கிறேன். அதனால கணக்க மாசாமாசம் உறுப்பினர் முன்னாடி வாசிக்கணும். சங்கச் செயலாளரும் சொசைட்டி தலைவரும் ஒரே ஆளா இருக்கக் கூடாதுன்னு பைலாவுல மொதல்லயே எழுதி வச்சிருங்க.