கேஸ் போடச் சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்: பில்ட்-இன் ஃபிரிட்ஜ் கேள்வி பதில்

கிச்சன் கேபினட்டுக்குள் பொருத்தும் ஃபிரிட்ஜ் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரிக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: எந்த மூடியைக் கழற்றுவதானாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கை வையுங்கள். பிளக் கேபினட்டுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டிருந்தால் அந்த லைனின் எம்சிபியை (கரண்டைத் துண்டிக்கும் மெயின் போர்டு ஸ்விட்ச்) இறக்குங்கள். டிஸ்பிளேயில் ஆஃப் செய்வது போதாது, உள்ளே கரண்ட் இருக்கும்.

கேள்வி: வாங்கி ஏழு வருடம் ஆகிறது. முன்போலக் குளிர்ச்சி இல்லை, கம்ப்ரஸர் நிற்காமல் ஓடுகிறது. வந்து பார்த்தவர் உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, கேஸ் குறைந்துவிட்டது, போட்டால் சரியாகிவிடும் என்றார். நம்பலாமா சார்?

பதில்: கையை விட்டுப் பார்த்துக் கேஸ் அளவு சொல்லவே முடியாது. ஃபிரிட்ஜ் கேஸ் வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கை அடைக்காமல் கேஸ் மட்டும் போட்டால், போட்டது வந்த வழியே போய்விடும்.

பில்ட்-இன்னில் நான் முதலில் சந்தேகப்படுவது காற்றோட்டத்தை. கேபினட்டின் அடிப்பலகையில் இருக்கும் கிரில் வழியாகக் காற்று நுழைந்து, ஃபிரிட்ஜின் முதுகுப்புறம் ஏறி, மேலே வெளியேற வேண்டும். உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் ஒவ்வொன்றும் குறைந்தது 200 சதுர செ.மீ. இருக்க வேண்டும் என்று பல தயாரிப்பாளர்கள் நிறுவும் குறிப்பிலேயே கேட்கிறார்கள். நடப்பில் என்னவென்றால், அழகுக்காக அடிப்பலகையில் கிரில் வைக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது மேலே இருக்கும் இடைவெளியில் அட்டைப்பெட்டியைத் திணித்திருப்பார்கள். சூடு போக வழியில்லாமல் கம்ப்ரஸர் மூச்சு முட்ட ஓடும்.

சோதிப்பது சுலபம். அடிப்பலகையைக் கழற்றுங்கள், மேலே அடைத்திருப்பதை எடுங்கள், ஒரு டேபிள் ஃபேனைக் கீழ்ப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்து ஓர் இரவு ஓடவிடுங்கள். காலையில் உள்ளே வெப்பநிலை இறங்கி, கம்ப்ரஸரும் நடுநடுவே நிற்க ஆரம்பித்திருந்தால் கேஸ்காரரை அனுப்பிவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது கண்டென்ஸர், அதாவது சூட்டை வெளியே விடும் தகடுகள் கொண்ட பாகம். அகலமான பெரிய பில்ட்-இன்கள் சிலவற்றில் கம்ப்ரஸரும் கண்டென்ஸரும் தலைமேல், முன் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும். கிரில்லைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் தூசி போர்வை போலப் படிந்திருந்தால் அதுதான் காரணம். வாக்குவம் கிளீனரில் மென்மையான பிரஷ் மாட்டி, தகடுகள் ஓடும் திசையிலேயே இழுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிக் காற்று இன்னும் அடைபடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும், நாய் பூனை இருக்கும் வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

இரண்டும் சரியாக இருந்து இன்னும் குளிரவில்லையா? அப்போது ஃப்ரீசரின் பின்பலகையைக் கழற்றி, கூலிங் காயிலில் பனி எப்படிப் படிந்திருக்கிறது என்று பாருங்கள். காயில் முழுக்க மெல்லிசாக, ஒரே சீராக வெள்ளைப் பனி இருந்தால் கேஸ் சரியாக இருக்கிறது. கேஸ் நுழையும் இடத்தில் ஒன்றிரண்டு வளைவில் மட்டும் பனி, மீதியெல்லாம் வெறும் உலோகம் என்றால் கேஸ் குறைவு அல்லது கேப்பிலரி எனும் மிக மெல்லிய குழாயில் அடைப்பு. அப்போது மெக்கானிக் சொன்னது சரிதான். ஆனால் லீக்கைக் கண்டுபிடித்தாரா, ஃபில்டர் டிரையரை (குழாயில் ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கும் பாகம்) புதிதாக மாற்றினாரா, வாக்குவம் இழுத்துக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினாரா, தராசில் எடை போட்டுக் கேஸ் ஏற்றினாரா என்று நாலையும் கேளுங்கள். இப்போது வரும் பெரும்பாலான வீட்டு ஃபிரிட்ஜ்களில் ஆர்600ஏ என்ற கேஸ்தான். மொத்தமே சில பத்து கிராம் என்பதால் சில கிராம் கூடினாலும் குறைந்தாலும் ஃபிரிட்ஜ் காட்டிக்கொடுத்துவிடும். இது தீப்பிடிக்கும் கேஸ். ஜன்னலைத் திறக்காமல் உள்ளேயே குழாய் ஒட்டும் நெருப்பு டார்ச்சைப் பற்றவைப்பவரை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

கேள்வி: ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் கல்லாக இருக்கிறது, கீழே ஃபிரிட்ஜில் பால் கெட்டுப்போகிறது. ஒரு நாள் முழுக்க அணைத்து வைத்துப் போட்டால் ஒரு வாரம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் பழைய கதைதான். போர்டு (ஃபிரிட்ஜைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) மாற்றச் சொல்கிறார்கள் அண்ணா.

பதில்: "அணைத்து வைத்தால் ஒரு வாரம் ஓடுகிறது" என்ற வரியிலேயே பாதி விடை இருக்கிறது தம்பி. இது டிஃப்ராஸ்ட் கோளாறு.

ஒரே காயில் உள்ள ஃபிரிட்ஜில் குளிரெல்லாம் ஃப்ரீசரில்தான் உண்டாகிறது. அங்கிருந்து ஒரு ஃபேன் காற்றைத் தள்ள, அது டேம்பர் எனும் திறந்து மூடும் சின்னக் கதவு வழியாகக் கீழே வருகிறது. காயிலில் படியும் பனியைக் கரைக்க அடியில் ஒரு ஹீட்டர் அவ்வப்போது எரிய வேண்டும். அது எரியாவிட்டால் பனி சேர்ந்து சேர்ந்து காயிலே ஒரு ஐஸ் கட்டியாகிவிடும். காற்று புக இடமிருக்காது. ஃப்ரீசர் பக்கத்திலேயே இருப்பதால் கொஞ்ச நாள் சமாளிக்கும், ஃபிரிட்ஜ் பகுதிதான் முதலில் சூடாகும். நீங்கள் அணைத்து வைக்கும்போது ஐஸ் உருகுகிறது, காற்று மறுபடி போகிறது, அவ்வளவுதான்.

பின்பலகையைக் கழற்றி ஐஸைக் கரைத்த பிறகு, கரண்ட் இல்லாத நிலையில், ஹீட்டரின் இரண்டு வயரையும் கழற்றி மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துத் தொடுங்கள். ஏதாவது ரெசிஸ்டன்ஸ் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. ஓப்பன், அதாவது இணைப்பே இல்லை என்று காட்டினால் போய்விட்டது. அதோடு காயிலில் கிளிப் போட்டு மாட்டியிருக்கும் பைமெட்டல் தெர்மோஸ்டாட்டையும் (குளிரைப் பொறுத்துத் தானே மூடித் திறக்கும் ஸ்விட்ச்) பாருங்கள். அது நல்ல குளிரில் மூடியிருக்க வேண்டும், அறை வெப்பத்தில் திறந்துகொள்ளும். அதனால் வெதுவெதுப்பாக இருக்கும்போது சோதித்துவிட்டு "ஓப்பன், போச்சு" என்று தூக்கிப்போடாதீர்கள். புதிய மாடல்களில் இதற்குப் பதில் சென்சார் இருக்கும். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் போர்டுக்கு வர வேண்டும். போர்டுதான் இருப்பதிலேயே விலை கூடியது, அதிலிருந்து ஆரம்பிப்பானேன்?

ஐஸைக் கத்தியால் குத்தாதீர்கள். அலுமினியக் குழாயில் ஒரு குத்து விழுந்தால் முதல் கேள்விக்காரரின் நிலைமைக்கு வந்துவிடுவீர்கள். கதவைத் திறந்து வைத்து, எதிரே ஃபேன் போட்டு, கீழே துணி விரித்துப் பொறுமையாக விடுங்கள்.

கேள்வி: எங்களுடையதும் இதே மாதிரிதான், ஆனால் இரண்டு கம்ப்ரஸர் உள்ள பெரிய மாடல்.

பதில்: அப்படியென்றால் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஃபிரிட்ஜ் பகுதிக்குத் தனிக் காயில், தனிக் கேஸ் சுற்று. ஃப்ரீசர் நன்றாக ஓடுவதை வைத்து ஃபிரிட்ஜைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ஃபிரிட்ஜ் பக்கத்துக் கம்ப்ரஸரைத் தொட்டு அது ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடினால் அந்தப் பகுதியின் ஃபேனையும் காயிலையும் பாருங்கள். ஓடாவிட்டால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சில நிமிடத்துக்கு ஒருமுறை கீழே "டக்" என்று சத்தம். ஒரு முனகல், மறுபடி "டக்". குளிரவே இல்லை.

பதில்: கம்ப்ரஸர் கிளம்பப் பார்க்கிறது, முடியவில்லை, ஓவர்லோடு எனும் பாதுகாப்பு ஸ்விட்ச் கரண்டை வெட்டிவிடுகிறது. கம்ப்ரஸர் பக்கவாட்டில் சொருகியிருக்கும் ஸ்டார்ட்டிங் ரிலேயை உருவிக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே உடைந்த சில்லு உருளுகிற மாதிரி கலகலத்தால் ரிலே போய்விட்டது. மலிவான பாகம், மாற்றினால் வேலை முடிந்தது. ரிலே புதிதாகப் போட்டும் அதே "டக்" என்றால் லைனில் வோல்டேஜ் குறைகிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் கம்ப்ரஸர் ஜாம்.

வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸரில் இந்த ரிலேயே கிடையாது. அதன் மூன்று பின்களுக்கும் ஒரு தனி போர்டு கரண்ட் கொடுத்து ஓட்டும். மூன்று பின்களுக்கு இடையில் எந்த இரண்டை அளந்தாலும் ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருந்தால் வைண்டிங் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பி) நன்றாக இருக்கிறது, சந்தேகம் போர்டு மேல். சோதித்துப் பார்க்கிறேன் என்று நேரடியாக மெயின் கரண்ட் கொடுக்காதீர்கள், நல்ல கம்ப்ரஸரும் போய்விடும்.

கேள்வி: லைட் எரிகிறது, டிஸ்பிளே வேலை செய்கிறது, சத்தமே இல்லை, குளிரும் இல்லை. குழந்தை பட்டன்களை அழுத்தி விளையாடியதிலிருந்துதான் இப்படி.

பதில்: டெமோ மோடாக இருக்கும் அம்மா. கடையில் காட்சிக்கு வைக்கும்போது விளக்கு மட்டும் எரிய, கம்ப்ரஸர் ஓடாமல் இருக்கக் கொடுத்திருக்கும் வசதி. மேனுவலில் எந்த பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் போகும் என்று இருக்கும்.

கேள்வி: காய்கறி டிரேக்குக் கீழே தினமும் தண்ணீர் தேங்குகிறது.

பதில்: டிரெய்ன் துளை அடைத்திருக்கிறது. பின்சுவரின் அடியில் சின்னக் கால்வாய் போல இருக்கும், அதன் நடுவில் துளை. ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து மெதுவாகச் செலுத்துங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் தாங்காது. தண்ணீர் சிரமமில்லாமல் இறங்கி, கம்ப்ரஸர் மேல் இருக்கும் தட்டில் விழும் சத்தம் கேட்கும் வரை செய்யுங்கள். பின்சுவரில் துளித்துளியாகத் தண்ணீர் நிற்பது மட்டும்தான் உங்கள் கவலை என்றால், பல மாடல்களில் அது இயல்பு.

கேள்வி: கதவு சரியாக மூடுவதில்லை. ரப்பர் மாற்றியும் அதேதான். ஃப்ரீசர் ஓரத்தில் பனி கட்டுகிறது.

பதில்: பில்ட்-இன்னில் ரப்பரைக் குற்றம் சொல்வதற்கு முன் மரப்பலகையைப் பாருங்கள். ஃபிரிட்ஜ் கதவில் கேபினட் பலகையை மாட்டுகிறோம் இல்லையா, அதற்கு மேனுவலில் எடை வரம்பு உண்டு. கிச்சன் முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும் என்று கனமான பலகையை மாட்டினால் கீல் தொங்கிவிடும். அப்புறம் எத்தனை ரப்பர் மாற்றினாலும் கைப்பிடிப் பக்க மூலையில் இடைவெளி விழும்.

ஒரு காகிதத் துண்டைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுற்றி ஒவ்வொரு இடமாகச் செய்யுங்கள். எங்கே தடையில்லாமல் உருவி வருகிறதோ அங்கே காற்று நுழைகிறது. சுற்றிலும் தளர்வாக இருந்தால் ரப்பர், ஒரு மூலையில் மட்டும் தளர்வு என்றால் பெரும்பாலும் கீல் அல்லது பலகை. பலகை தன் கீலில் தனியாக நின்று, ஃபிரிட்ஜ் கதவோடு பிளாஸ்டிக் சறுக்கியால் இணைந்திருக்கும் சறுக்கும் வகையாக இருந்தால் அந்தச் சறுக்கியின் ஸ்க்ரூ தளர்ந்து, பலகையே கதவை இழுத்துப் பிடித்திருக்கும். ஸ்க்ரூவைச் சரிசெய்தால் போதும். புது ரப்பர் மடிப்போடு வந்திருந்தால் ஹேர் டிரையரை மிதமான சூட்டில் காட்டி நீவி விடுங்கள்.

கேள்வி: கீரை, வெள்ளரி எல்லாம் ஃபிரிட்ஜ் பகுதியிலேயே உறைந்துபோகின்றன. 4 டிகிரியில்தான் வைத்திருக்கிறேன்.

பதில்: 4 சரிதான், ஃப்ரீசர் மைனஸ் 18. அளவை மாற்றினால் ஒரு நாள் கழித்துத்தான் பலன் தெரியும், மணிக்கொருமுறை மாற்றாதீர்கள். காய்கறி காற்று வரும் துவாரத்தை ஒட்டி இருக்கிறதா என்று பார்த்து நகர்த்துங்கள். பிறகும் உறைந்தால் டேம்பர் திறந்தபடி சிக்கியிருக்கலாம், அல்லது சென்சார் தவறாகச் சொல்லலாம்.

சென்சாரைக் கழற்றி, நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் ஐந்து நிமிடம் வைத்து அளந்து பாருங்கள். 25 டிகிரியில் 5 கிலோ ஓம் உள்ள வகை, பூஜ்யம் டிகிரியில் சுமார் 16 கிலோ ஓம் காட்டும். 10 கிலோ ஓம் வகை என்றால் சுமார் 32. உங்களுடையது எந்த வகை என்பது சர்வீஸ் தாளில் இருக்கும். இதைவிட மிகக் குறைவாகக் காட்டினால், உள்ளே சூடாக இருக்கிறது என்று போர்டு நினைத்துக் கம்ப்ரஸரை ஓட்டிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

மாறாக, மேல்தட்டு மட்டும் சூடாக இருக்கிறது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். போனில் வீடியோ போட்டு உள்ளே வைத்துக் கதவை மூடுங்கள். மூடிய பிறகும் வீடியோவில் வெளிச்சம் தெரிந்தால் டோர் ஸ்விட்ச் கோளாறு, அணையாத லைட்தான் சூடேற்றுகிறது.

கேள்வி: ராத்திரியில் விர்ர்ர் என்ற சத்தம். எந்த ஃபேன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சத்தம் வரும்போது ஃப்ரீசர் கதவைத் திறங்கள். நின்றுவிட்டால் உள் ஃபேன். டோர் ஸ்விட்சை விரலால் அழுத்துங்கள், சத்தம் திரும்ப வந்தால் உறுதி. பெரும்பாலும் இறக்கை ஐஸில் உரசுகிறது, டிஃப்ராஸ்ட் பதிலுக்குப் போங்கள். கதவைத் திறந்தும் நிற்காவிட்டால் கண்டென்ஸர் ஃபேன் அல்லது கம்ப்ரஸர். கேபினட் பலகையில் ஃபிரிட்ஜின் உடம்பு எங்காவது தொட்டுக்கொண்டிருந்தாலும் அதிரும். படபடவென்று வெடிக்கும் சத்தமும், கம்ப்ரஸர் நின்றதும் வரும் சலசலப்பும் கோளாறு இல்லை.

கேள்வி: ஐஸ் மேக்கர் நின்றுவிட்டது.

பதில்: ஃப்ரீசர் நன்றாகக் குளிராவிட்டால் அது ஐஸைத் தள்ளாது, முதலில் வெப்பநிலை. அப்புறம் தண்ணீர் ஃபில்டர், அதைத் தாண்டி உள்ளே நுழையும் குழாயின் நுனியில் ஐஸ் அடைப்பு. கடைசியில்தான் தண்ணீரைத் திறந்து விடும் வால்வு.

கேள்வி: பன்னிரண்டு வருடப் பழைய பில்ட்-இன். சரிசெய்வதா, மாற்றுவதா?

பதில்: தனி ஃபிரிட்ஜாக இருந்தால் மாற்றுங்கள் என்று சட்டென்று சொல்லிவிடுவேன். இதில் கேபினட்டும் கணக்கில் வருகிறது. ஃபேன், ஹீட்டர், சென்சார், ரிலே, ரப்பர், கீல் என்றால் யோசிக்காமல் சரிசெய்யுங்கள். போர்டு என்றால் உதிரி கிடைக்கிறதா என்று பாருங்கள். சுவரின் ஃபோமுக்குள் புதைந்த குழாயில் லீக் என்றால் செலவழிக்காதீர்கள்.

மாற்றுவதாக முடிவானால் ஆர்டர் கொடுக்கும் முன் கேபினட் கூட்டின் உயரம், அகலம், ஆழம் மூன்றையும் உள்பக்கமாக அளங்கள். 178 செ.மீ. உயரம், 56 செ.மீ. அகலம் பரவலான அளவு, ஆனால் ஊகத்தில் வாங்காதீர்கள். பழைய கதவுப் பலகையை அப்படியே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் கீல் சறுக்கும் வகையா, நேராகப் பிணைக்கும் வகையா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். வகை மாறினால் பலகையில் புதிதாகத் துளை போட வேண்டும். ஃப்ரீசர் கதவு தனியாக இருக்கும் மாடலில் இரண்டு பலகைகளின் பிரிவு உயரமும் பொருந்த வேண்டும்.