வதந்தியும் விமானமும்: ஓய்வுபெற்ற இன்ஜினீயர் பதில்கள்

(விமானப் பராமரிப்பு இன்ஜினீயராக மீனம்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், விமானம் பற்றி உலவும் செய்திகள் குறித்து வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறார்.)

2024 அக்டோபரில் எங்கள் ஊரிலிருந்து ஷார்ஜா கிளம்பிய விமானம், கோளாறு என்று இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வானத்திலேயே சுற்றியது. பெட்ரோலைக் கொட்டிவிட்டு உடனே இறங்கியிருக்கலாமே? ஜனங்கள் தலையில் விழும் என்றுதான் கொட்டவில்லையாமே?
– வாசகர், திருச்சி

கொட்டுவதற்குக் குழாயே கிடையாது ஐயா. அன்று பறந்தது போயிங் 737. அந்த ரகத்திலும் ஏர்பஸ் ஏ320 ரகத்திலும் பறக்கும்போது எரிபொருளை வெளியேற்றும் வசதி வைப்பதில்லை. 747, 777 மாதிரி பெரிய விமானங்களில்தான் அது உண்டு. அவற்றிலும் நல்ல உயரத்தில் திறந்துவிட்டால் பெரும்பகுதி ஆவியாகிவிடும், ஊர் நனையாது. இன்னொன்று, அது பெட்ரோல் இல்லை, மண்ணெண்ணெய் ஜாதி.

ஏன் சுற்றினார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 737-800 ரகம் கிளம்பும்போது ஏறக்குறைய 79 டன் வரை எடை இருக்கலாம். இறங்கும்போது 66 டன்னுக்குள் இருக்க வேண்டும். ஷார்ஜா வரை போக நிரப்பிய எண்ணெயோடு ஏறியவுடன் இறங்கினால் இந்தக் கணக்கு இடிக்கும். மணிக்குச் சுமார் இரண்டரை டன் எரியும். அதனால் எரியட்டும் என்று சுற்றுவார்கள். அன்று ஹைட்ராலிக் (சக்கரம், பிரேக் போன்றவற்றைத் திரவ அழுத்தத்தால் இயக்கும் அமைப்பு) கோளாறு, தீ விபத்து இல்லை. நேரம் இருந்தது. தீப்பிடித்திருந்தால் அதிக எடையோடேயே இறக்கியிருப்பார்கள், விமானம் அதையும் தாங்கும். ஆனால் அப்படி இறங்கினால் அன்று ராத்திரி எங்களைப் போன்றவர்களுக்குத் தூக்கம் போச்சு: டார்ச்சும் கையுமாக லேண்டிங் கியர், டயர், இறக்கை உடம்போடு சேரும் இடம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் அது மறுபடி பறக்காது.

டிவியில் ‘திக் திக்’ என்று ஓடிய அந்த இரண்டு மணி நேரமும் காக்பிட்டில் பெரும்பாலும் செக்லிஸ்ட் படிக்கும் நேரம். 140 பேருக்கும் மேல் பத்திரமாக உங்கள் ஊரிலேயே இறங்கினார்கள்.

பக்கத்து சீட்காரர் கோபத்தில் நடுவானில் கதவைத் திறந்துவிட்டால் எல்லோரும் வெளியே உறிஞ்சப்படுவோமா?
– வாசகி, சேலம்

திறக்க மாட்டார், முடியாது. மூடி உள்ளே போய் மாட்டும் ஹாக்கின்ஸ் குக்கரைப் பிரஷர் இருக்கும்போது திறந்து பார்த்திருக்கிறீர்களா? அதே சங்கதிதான். முப்பத்தைந்தாயிரம் அடியில் வெளிக்காற்றைவிட உள்காற்றின் அழுத்தம் மிக அதிகம். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் ஐந்தரை டன் கதவை அதன் சட்டத்தோடு வெளிப்பக்கம் நெருக்கிக்கொண்டிருக்கும். கதவின் பரப்பு ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டர். பத்து டன்னைக் கையால் எதிர்த்து இழுக்கிற பயில்வான் இன்னும் பிறக்கவில்லை.

ஆனால் கீழே வர வர இந்த வித்தியாசம் குறைந்துகொண்டே வரும், தரையில் இருக்கவே இருக்காது. 2023 மே மாதம் தென் கொரியாவின் டேகு நகரில், ஏ321 விமானம் தரையிலிருந்து இருநூறு மீட்டர் சொச்சம் உயரத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு பயணி அவசரக் கதவைத் திறந்தே விட்டார். சிலருக்கு மூச்சுத் திணறல், மற்றபடி எல்லோரும் பிழைத்தார்கள். யாரும் உறிஞ்சப்படவில்லை. நம் சென்னையிலேயே 2022 டிசம்பரில் திருச்சி கிளம்ப நின்ற ஏடிஆர் விமானத்தில் ஒருவர் அவசரக் கதவைத் திறந்தார். தரையில் நின்றதால் ஆபத்து இல்லை, சோதனை முடிந்து கிளம்பத் தாமதமானதுதான் மிச்சம். எமர்ஜென்சி வரிசையில் கால் நீட்ட இடம் கிடைக்கிறது என்று உட்காருபவர்கள், அந்தக் கைப்பிடியில் பையை மாட்டாமல் இருந்தால் புண்ணியமாகப் போகும்.

தேங்காய் விமானத்தில் வெடித்துவிடும் என்பதால்தான் தடை என்கிறார்கள். இருமுடியோடு கொச்சிக்கு விமானத்தில் போகலாமா?
– ஐயப்ப பக்தர், திண்டுக்கல்

தடை உண்மை, சொல்லும் காரணம் பொய். அழுத்தத்தில் தேங்காய் வெடிக்காது. சரக்குப் போக்குவரத்தின் ஆபத்துப் பொருள் பட்டியலில் இருப்பது கொப்பரை. ஐ.நா. எண் 1363, ‘தானாகத் தீப்பற்றக்கூடியது’ என்ற வகை. எண்ணெய் மிகுந்த காய்ந்த பருப்பைக் குவித்து மூட்டையாகக் கட்டினால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். கொப்பரைக் களம் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். நம் நாட்டில் கைப்பையில் முழுத் தேங்காய்க்கும் தடை என்பது பாதுகாப்பு விதி.

இருமுடிக்கு மட்டும் 2024 அக்டோபரில் மத்திய அரசு விலக்கு அறிவித்தது, 2025 ஜனவரி 20 வரை. எக்ஸ்ரே, வெடிபொருள் சோதனை, கையால் சோதனை எல்லாம் முடித்துத்தான் உள்ளே விட்டார்கள். இந்த விலக்கு அந்தந்தப் பருவத்துக்குத் தனியாக வருவது. மாலை போடும்போதே விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். சாமி, சி.ஐ.எஸ்.எஃப். வீரரோடு வாக்குவாதம் மட்டும் வேண்டாம்.

மேலிருந்து விழும் மாஸ்க்கில் வருவது மயக்க மருந்தாமே? சாகும்போது கத்தாமல் இருப்பதற்காக?
– கல்லூரி மாணவர், நெல்லை

தம்பி, அந்த டப்பாவை என் கையால் மாற்றியிருக்கிறேன். பெரும்பாலான விமானங்களில் உங்கள் தலைக்கு மேல் இருப்பது சிலிண்டர் இல்லை. கைக்குள் அடங்கும் ஒரு உலோக உருளை, உள்ளே சோடியம் குளோரேட். மாஸ்க்கை முகத்துக்கு இழுக்கும்போது கயிறு ஒரு ஊசியைப் பிடுங்கும், உள்ளே பற்றிக்கொண்டு ஆக்ஸிஜன் வரும். இழுக்காமல் தலைக்கு மேல் ஆடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் வராது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பை உப்பவில்லை என்றாலும் காற்று வந்துகொண்டுதான் இருக்கும். உருளையின் மேல்பக்கம் 200 டிகிரியைத் தாண்டிச் சுடும். அதில் படிந்த தூசி கருகும் வாசனையை வைத்துத்தான் ‘ஏதோ மருந்து’ என்ற கதை கிளம்பியிருக்கும்.

ஆக்ஸிஜன் வருவது 12 முதல் 15 நிமிடம். அதற்குள் பைலட் பத்தாயிரம் அடிக்கு இறக்கிவிடுவார், அங்கே சாதாரணமாக மூச்சு விடலாம். மாஸ்க் இல்லாமல் முப்பத்தைந்தாயிரம் அடியில் சுயநினைவு அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். ‘முதலில் உங்களுக்கு, பிறகு குழந்தைக்கு’ என்பது அதனால்தான்.

இந்த உருளையைக் கழற்றினால் முதல் வேலை ஊசி இருக்கும் இடத்தில் பாதுகாப்பு மூடி மாட்டுவது. 1996-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், மூடி இல்லாத பழைய உருளைகளைச் சரக்காக ஏற்றிய விமானம் தீப்பற்றி விழுந்து 110 பேர் இறந்தார்கள். மயக்க மருந்தாம்!

கறுப்புப் பெட்டி செய்யும் பொருளிலேயே முழு விமானத்தையும் செய்தால் என்ன?
– வாசகர், ஈரோடு

பறக்காது, அவ்வளவு கனம். பறந்து மோதினாலும் விமானம் முழுசாக இருக்கும், உள்ளே இருக்கும் நாம் அந்த அதிர்ச்சியில் இருக்க மாட்டோம். பெட்டியின் நிறம் ஆரஞ்சு.

போனை அணைக்காவிட்டால் விமானம் விழுமா?
– வாசகி, மதுரை

போனால் விழுந்தது என்று நிரூபணமான விபத்து ஒன்றுகூடக் கிடையாது. பைலட் காதில் ‘டர்ர்ர்’ என்று இரையும், கன்ட்ரோல் டவர் சொல்வது சரியாகக் கேட்காது, அந்தத் தொந்தரவு உண்மை. அமெரிக்காவில் 1991-ல் தடை போட்டது தொலைத்தொடர்புத் துறை: உயரத்திலிருந்து ஒரே போன் ஏகப்பட்ட டவர்களைப் பிடித்து நெட்வொர்க்கைக் குழப்பும் என்று. ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், விதி விதிதான்.

பல்லாவரத்தில் எங்கள் மொட்டை மாடியில் காயப்போட்ட துணியில் பழுப்புப் புள்ளிகள். விமானக் கழிவறையைத் திறந்துவிடுகிறார்களா?
– குடும்பத் தலைவி, சென்னை

திறந்துவிட வழி இல்லை அம்மா. வாக்குவம் கழிவறை உறிஞ்சுவது தொட்டிக்குப் போகும். தொட்டியின் வால்வு விமானத்துக்கு வெளிப்பக்கம்தான் இருக்கிறது, காக்பிட்டில் அதற்கு சுவிட்ச் கிடையாது. தரையில் நின்ற பிறகு வண்டி வந்து குழாய் மாட்டி எடுக்கும்.

வால்வு சரியாக மூடாமல் கசிவது எப்போதாவது உண்டு. அப்போது அது மேலேயே உறைந்து கட்டியாகத்தான் விழும். 2018 ஜனவரியில் ஹரியானாவின் ஃபாசில்பூர் பாத்லி கிராமத்து வயலில் பத்துக் கிலோவுக்கும் மேல் எடையுள்ள பனிக்கட்டி விழுந்தது. வானத்துப் பொக்கிஷம் என்று உடைத்து வீட்டுக்கு எடுத்துப்போய் ஃபிரிட்ஜில் வைத்தவர்களும் உண்டு. அதிகாரிகள் சந்தேகப்பட்டது விமானக் கழிவறையைத்தான். அதற்கு முன்பே, வானில் கழிவு கொட்டினால் விமான நிறுவனத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவு போட்டிருந்தது.

உங்களுடையது புள்ளிகள். வௌவாலும் காக்கையும் விமானத்தைவிடத் தாழ்வாகப் பறக்கின்றன. மாடிக்கு மேல் பக்கத்து வீட்டு மரக்கிளை நீட்டிக்கொண்டிருக்கிறதா, பாருங்கள்.