ஆட்டோகேட் (கணினியில் வரைபடம் வரையும் மென்பொருள்): மூன்று ஆபீஸுக்கும் ஒரே ஸ்டாண்டர்ட் – கேள்வி பதில்

கேள்வி (கோவை, டிராஃப்ட்ஸ்மேன்): சென்னை டிராயிங்கைத் திறந்தால் எழுத்து வேறு மாதிரி தெரிகிறது, டைட்டில் பிளாக்கில் (டிராயிங்கின் விவரம் எழுதும் பெட்டி) எழுத்து கட்டத்தைத் தாண்டி ஓடுகிறது. ஃபைல் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. அவர்கள் பயன்படுத்திய எஸ்ஹெச்எக்ஸ் ஃபான்ட் (ஆட்டோகேடின் எழுத்துரு ஃபைல்) உங்களிடம் இல்லை, அவ்வளவுதான். டிடபிள்யூஜி ஃபைலில், அதாவது டிராயிங் ஃபைலில், ஃபான்டின் பெயர் மட்டும்தான் இருக்கும். அவசரத்துக்கு, இ-டிரான்ஸ்மிட்டில் (டிராயிங்கையும் அதற்கு வேண்டிய ஃபைல்களையும் சேர்த்துக் கட்டும் கமாண்ட்) ஃபான்ட் சேர்க்கும் டிக்கைப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி (திருச்சி): அதே டிராயிங், அதே பெயருள்ள சிடிபி (பிரிண்டில் எந்த நிறக் கோடு எவ்வளவு தடிமன் என்று சொல்லும் ஃபைல்). எங்கள் பிரிண்டில் மட்டும் சுவர் மெல்லிசாக வருகிறது.

பதில்: பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. யாரோ அவசரத்தில் பேனா தடிமனை மாற்றிவிட்டு சேவ் செய்திருப்பார். சிடிபியைப் பொது ஃபோல்டரில் வையுங்கள். ஆப்ஷன்ஸில் அதற்குத் தனிப் பாதை உண்டு. ஃபான்ட் போன்றவற்றைத் தேடும் சப்போர்ட் பாதையில் சேர்த்தால் போதாது.

கேள்வி (சென்னை, மேனேஜர்): கையேடு தயாரித்து எல்லோருக்கும் அனுப்பினோம். யாரும் பின்பற்றவில்லையே?

பதில்: டெட்லைன் நாளில் கையேட்டை யார் சார் திறப்பார்கள்? லேயர் (சுவர், கதவு என்று கோடுகளைப் பிரித்து வைக்கும் அடுக்கு), டைமென்ஷன் ஸ்டைல் (அளவு எழுதும் பாணி), டைட்டில் பிளாக் எல்லாவற்றையும் டெம்ப்ளேட்டிலேயே போட்டு, ‘நியூ’ அழுத்தினால் அதுவே வரும்படி செய்யுங்கள். அந்த டெம்ப்ளேட் இருக்கும் ஃபோல்டரில் எழுதும் அனுமதி ஒருவருக்கு மட்டும். மற்றவர்களுக்குப் படிக்க மட்டும். மாற்றம் வேண்டுமென்றால் அவரிடம் கேட்கட்டும். கொஞ்சம் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

அப்புறம் சோதனை. ஸ்டாண்டர்டை டிடபிள்யூஎஸ் (ஸ்டாண்டர்ட்ஸ்) ஃபைலாக சேவ் செய்து டிராயிங்கோடு இணைத்தால், செக்ஸ்டாண்டர்ட்ஸ் கமாண்ட் லேயர், டெக்ஸ்ட் ஸ்டைல், டைமென்ஷன் ஸ்டைல், லைன்டைப் நான்கையும் ஒப்பிட்டுக் காட்டும். பிளாக்கை (ஒரே பொருளாக வைத்துத் திரும்பத் திரும்பப் போடும் வரைபடத் துண்டு) தொடாது, அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பல டிராயிங்குகளை மொத்தமாகப் பார்க்க பேட்ச் செக்கர் இருக்கிறது. ஆட்டோகேடின் சுருக்கமான எல்டி பதிப்பில் இவை கிடையாது.

கேள்வி: பழைய டிராயிங்கில் லேயர் பெயர் ‘வால்’, புதியதில் ‘ஏ-வால்’. ஒவ்வொன்றாக மாற்றணுமா?

பதில்: வேண்டாம், லேயரை மாற்றித் தரும் லேடிரான்ஸ் கமாண்ட் இருக்கிறது. எது எதுவாக மாறணும் என்று ஒருமுறை சொல்லி சேவ் செய்தால், அடுத்த டிராயிங்குக்கும் அதையே லோட் செய்யலாம்.

கேள்வி (திருச்சி): எக்ஸ்ரெஃப் (டிராயிங்கோடு இணைத்த வேறொரு டிராயிங்) எங்களுக்கு மட்டும் ‘நாட் ஃபவுண்ட்’ என்கிறது.

பதில்: முழுப் பாதையாக, டிரைவ் எழுத்தோடு இணைத்திருப்பார்கள். 2018 பதிப்பிலிருந்து ரிலேட்டிவ் பாதைதான் (டிராயிங் இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடும் பாதை) டீஃபால்ட். பழைய இணைப்புகளை ரெஃபரன்ஸ் மேனேஜரில் மாற்றிவிடலாம். ஆனால் டிராயிங் ஒரு டிரைவிலும் எக்ஸ்ரெஃப் இன்னொன்றிலும் இருந்தால் ரிலேட்டிவ் பாதை வேலை செய்யாது. முதலில் ப்ராஜெக்டை ஒரே ஃபோல்டருக்குள் கொண்டு வாருங்கள்.

கேள்வி: அமெரிக்க கிளையண்ட் கொடுத்த பிளாக் 25.4 மடங்கு சிறியதாக விழுகிறது!

பதில்: அது அங்குலம், உங்களுடையது மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் யூனிட்ஸில் இன்செர்ஷன் ஸ்கேல் சரியாக இருக்கிறதா பாருங்கள்.